கேட்டால்தான் கிடைத்தது: ஐரோப்பியப் பெண்களின் சம்பளக் கணக்கு

பெல்ஜியத்தின் லீயேஜ் நகரை ஒட்டி எர்ஸ்டால் என்றொரு தொழிற்சாலை ஊர். துப்பாக்கி, தோட்டா செய்யும் பெரிய ஆயுதத் தொழிற்சாலை ஒன்றுதான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. 1966-இல் அங்கே ஏறத்தாழ மூவாயிரம் பெண்கள் வேலை பார்த்தார்கள். நாள் முழுக்க எந்திரத்தின் முன்னால் நின்று இரும்பைக் கடைய வேண்டும், துளை போட வேண்டும். எந்திரம் ஓட ஓட எண்ணெய் தெறித்துக்கொண்டே இருக்கும், உடுப்பெல்லாம் ஊறிவிடும். எந்திரத்தைச் சரிசெய்து கொடுக்கும் வேலை ஆண்களுக்கு, அதை ஓட்டும் வேலை பெண்களுக்கு. எத்தனை வருஷம் ஓட்டினாலும் பெண்ணுக்குப் பதவி உயர்வு என்ற பேச்சே இல்லை. ஊரில் அவர்களை ‘எந்திரப் பெண்கள்’ என்றே சொன்னார்கள்.

பிப்ரவரி 16 அன்று அந்தப் பெண்கள் எந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். 12 வாரம் உள்ளே போகவில்லை. அவர்கள் செய்துகொடுக்கும் உதிரி பாகம் வராததால் ஆண்களின் பிரிவுகளும் ஒவ்வொன்றாக முடங்கின. மணிக்கு 5 பிராங்க் கூடுதலாகக் கேட்டார்கள். மே மாதத்தில் 2.75 பிராங்குக்கு உடன்பாடு முடிந்தது. கேட்டதில் பாதிக்குச் சற்று மேல்.

கூலிக் கணக்கில் பார்த்தால் அரை வெற்றிதான். ஆனால் அந்த வேலைநிறுத்தத்தில் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஒன்பது வருஷமாக ஐரோப்பிய அரசாங்கங்களின் அலமாரியில் தூங்கிக் கிடந்த ஒரு சட்டப் பிரிவைத் தெருவுக்கு இழுத்து வந்தார்கள்.

அது 1957-இல் கையெழுத்தான ரோம் ஒப்பந்தத்தின் 119-ஆம் பிரிவு. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விதை போட்ட ஒப்பந்தம் அது. ஆணும் பெண்ணும் ஒரே வேலையைச் செய்தால் ஒரே ஊதியம் தர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொன்னது. பெண்கள் மேல் கொண்ட அக்கறையால் அது எழுதப்பட்டதாக நினைத்துவிட வேண்டாம். பிரான்சில் சம ஊதியச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. பக்கத்து நாடுகள் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்து மலிவாகத் துணி நெய்து அனுப்பினால் தன் ஆலைகள் நொடித்துப்போகும் என்று பிரான்ஸ் பயந்தது. வியாபாரப் போட்டிக்காக வைத்த பிரிவு அது. வைத்தவர்களே மறந்தும் போனார்கள். 1961-க்குள் நடைமுறைக்கு வர வேண்டியதை 1964 வரை தள்ளிப்போட்டார்கள். அந்தக் கெடுவும் கடந்து போனது, ஒன்றும் நடக்கவில்லை.

ஐரோப்பாவின் சம்பள வரலாற்றைப் புரட்டினால் பல நாடுகளில் இதே கதைதான் திரும்ப வருகிறது. சட்டம் முன்கூட்டியே இருக்கும். பணம் வராது. யாராவது ஒரு பெண், அல்லது ஒரு தொழிற்சாலைப் பெண்கள், வேலையையும் பேரையும் பணயம் வைத்துக் கேட்ட பிறகுதான் வரும்.

ஒரு விமானப் பணிப்பெண்ணின் பாக்கி

கேப்ரியல் தெஃப்ரென், பெல்ஜியத்தின் சபேனா விமான நிறுவனத்தில் 1951-இல் சேர்ந்தவர். பணிப்பெண்களுக்கு 40 வயது ஆனதும் வேலை போய்விடும் என்பது அங்கே ஒப்பந்த விதி. அதே விமானத்தில் அதே தட்டை ஏந்தி நடக்கும் ஆண் பணியாளருக்கு அந்த வயது வரம்பு இல்லை. சம்பளமும் அவருக்குக் கூடுதல். 1968 பிப்ரவரியில் தெஃப்ரெனுக்கு 40 முடிந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எலியான் வோகெல்-போல்ஸ்கி என்ற வழக்கறிஞர் இப்படி ஒரு வழக்குக்காகவே காத்திருந்தார். 119-ஆம் பிரிவு வெறும் அரசாங்க வாக்குறுதி இல்லை, எந்தப் பெண்ணும் அதைக் காட்டி நேராக நீதிமன்றம் போகலாம் என்பது அவர் வாதம். சட்ட அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. தெஃப்ரென் துணிந்து வந்தார். ஓய்வூதியம் பற்றிய முதல் வழக்கு தோற்றது. இரண்டாவது வழக்கு சம்பள பாக்கிக்காக. கேட்ட பாக்கி 12,716 பெல்ஜிய பிராங்க். பெரிய தொகை ஒன்றும் இல்லை.

1976 ஏப்ரல் 8 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 119-ஆம் பிரிவு அரசாங்கத்தை மட்டுமல்ல, தனியார் முதலாளிகளையும் கட்டுப்படுத்தும்; அதைக் காட்டி எந்தப் பெண்ணும் உள்ளூர் நீதிமன்றத்தில் உரிமை கேட்கலாம். இன்றுவரை ஐரோப்பாவில் சம ஊதிய வழக்கு எது வந்தாலும் அடியில் இருப்பது அந்தத் தீர்ப்புதான்.

அதே தீர்ப்பின் கடைசிப் பகுதியையும் சொல்ல வேண்டும். பழைய பாக்கியெல்லாம் கொடுக்க நேர்ந்தால் நிறுவனங்கள் தாங்காது என்று பிரிட்டனும் அயர்லாந்தும் நீதிமன்றத்தில் முறையிட்டன. நீதிமன்றம் அதற்குச் செவிசாய்த்தது. தீர்ப்பு நாளுக்கு முன்பே வழக்குப் போட்டவர்களைத் தவிர வேறு யாரும் பழைய பாக்கி கேட்க முடியாது என்று வரம்பு கட்டியது. லட்சக்கணக்கான பெண்கள் வருஷக்கணக்கில் இழந்த கூலி அந்த ஒரு பத்தியில் தள்ளுபடியானது. தொகை மிகப் பெரியது என்பதே அதைத் தராமல் இருப்பதற்கு நியாயமாகிவிட்டது. இந்த வாதத்தைப் பின்னாலும் சந்திப்போம்.

பட்டியலை நம்பலாமா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் ஒவ்வொரு வருஷமும் ஊதிய இடைவெளிப் பட்டியல் வெளியிடுகிறது. ஆண்களின் சராசரி மணிக்கூலியைவிடப் பெண்களின் சராசரி மணிக்கூலி எத்தனை சதவீதம் குறைவு என்பது கணக்கு. 2023-இல் ஒன்றியம் முழுவதற்கும் சுமார் 12 சதவீதம். லாத்வியாவில் 19, ஆஸ்திரியாவில் 18-க்கு மேல், ஜெர்மனியில் ஏறக்குறைய 18. லக்ஸம்பர்க்கில் பெண்களின் சராசரிதான் ஒரு முடி அளவு கூட. இத்தாலியில் இடைவெளி சுமார் 2 சதவீதம்.

இத்தாலி பெண்களின் சொர்க்கமா? பட்டியலை மட்டும் பார்ப்பவர் அப்படித்தான் முடிவு கட்டுவார். 20 முதல் 64 வயது வரையிலான இத்தாலியப் பெண்களில் வேலையில் இருப்பவர்கள் 2023-இல் சுமார் 56 சதவீதம்தான். ஒன்றியத்திலேயே கடைசி இடம். குறைந்த கூலி வேலைக்குப் போகக்கூடிய பெண்கள் பெருமளவில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். வெளியே வருபவர்களில் படித்தவர்கள், ஆசிரியைகள், அரசு ஊழியர்கள் அதிகம். அதனால் சராசரி உயர்ந்து நிற்கிறது. வேலைக்கே வராத பெண்ணின் பூஜ்ய வருமானம் இந்தக் கணக்கில் ஏறாது.

ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே வேலை பார்க்கும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பகுதிநேரத்தில் இருக்கிறார்கள். அந்த நாட்டுக்குள்ளேயே இன்னொரு எல்லைக்கோடு ஓடுகிறது. 2024-இல் மேற்கு ஜெர்மனியில் இடைவெளி 17 சதவீதம். பழைய கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த கிழக்கில் 5. பெர்லின் சுவர் இடிந்து 35 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, வித்தியாசம் போகவில்லை. கிழக்கில் அரசே குழந்தைகள் காப்பகம் நடத்தியது, தாய் முழுநேரம் வேலைக்குப் போவது சாதாரணம். கிழக்கில் ஆண்களின் சம்பளமே குறைவு என்பதும் ஒரு காரணம்தான். மேற்கில் நீண்ட காலம் பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு முடிந்து பிள்ளை வீட்டுக்கு வரும், வீட்டில் அம்மா இருக்க வேண்டியிருந்தது. அதோடு 1958-இலிருந்து கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்துப் பாதியாக்கி வரி போடும் முறை. ஒருவர் நிறையவும் ஒருவர் கொஞ்சமாகவும் சம்பாதித்தால் வரி குறையும். கொஞ்சமாகச் சம்பாதிப்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஹென்ரிக் கிளெவன், கமில் லாண்டே முதலிய பொருளாதார அறிஞர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கிட்டத்தில் காட்டுகிறது. முதல் குழந்தை பிறக்கும் வரை ஆண், பெண் இருவரின் வருமானமும் இணையாகவே நகர்கிறது. குழந்தை பிறந்த வருஷம் பெண்ணின் கோடு செங்குத்தாக விழுகிறது. ஆணின் கோடு அசைவதில்லை. பல ஆண்டு கழித்துப் பார்த்தாலும் பெண்ணின் வருமான இழப்பு டென்மார்க்கில் ஐந்தில் ஒரு பங்கு, பிரிட்டனில் 44 சதவீதம், ஜெர்மனியில் 61 சதவீதம். வேலையை விடுவது, நேரத்தைக் குறைப்பது, கூலி குறைவது எல்லாம் சேர்ந்த கணக்கு இது. டென்மார்க்கில் காப்பகம், விடுப்பு எல்லாம் தாராளம். அங்கேயும் ஐந்தில் ஒரு பங்கு போகிறது என்றால், குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி வீட்டுக்குள் இன்னும் தீரவில்லை என்றுதான் பொருள்.

தையல் வேலை ‘திறமையில்லா’ வேலையா?

லண்டனை ஒட்டிய டாகன்ஹமில் ஃபோர்டு கார் தொழிற்சாலை. 1968-இல் அங்கே பல்லாயிரம் ஆண்களுக்கு நடுவே 187 பெண்கள் கார் இருக்கைகளுக்கு உறை தைத்தார்கள். வேலையில் சேரும்போதே தையல் எந்திரத்தில் தைத்துக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். வெட்டிய துண்டுகளைச் சேர்த்து, வளைவு பிசகாமல், நுரைமெத்தையின் மேல் சுருக்கம் விழாமல் உட்காரும்படி தைப்பது லேசான வேலை இல்லை. அந்த வருஷம் நிர்வாகம் வேலைகளையெல்லாம் புதிதாகத் தரம் பிரித்தது. தையல் வேலைக்குக் கிடைத்தது ‘பி’ தரம், அதாவது திறமை தேவைப்படாத வேலை. அதிலும் அதே ‘பி’ தர ஆணின் கூலியில் 85 சதவீதம்தான் பெண்ணுக்கு.

ஜூன் 7 அன்று வெளியே வந்தார்கள். மூன்று வாரத்தில் இருக்கை இல்லாமல் கார் உற்பத்தி நின்றது. தொழிலமைச்சர் பார்பரா கேஸில் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். கூலி ஆண்களின் 92 சதவீதமாக உயர்ந்தது. 1970-இல் பிரிட்டன் சம ஊதியச் சட்டம் போட்டது. நடைமுறைக்கு வர 1975 முடிவு வரை கெடு கொடுத்தது.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் வெற்றி என்று சொல்லி நின்றுவிடும். ஆனால் அந்தப் பெண்கள் முதலில் கேட்டது சதவீதக் கணக்கு இல்லை. எங்கள் வேலை திறமையான வேலை, ‘சி’ தரத்தில் வையுங்கள் என்றுதான் கேட்டார்கள். அது அப்போது கிடைக்கவே இல்லை. 1984-இல் மறுபடி பல வாரம் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் தையல் வேலை ‘சி’ தரத்துக்கு ஏறியது. பதினாறு வருஷம்.

ஊதிய இடைவெளியின் மையம் இதுதான் என்பது என் கருத்து. ஒரே மேசையில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்பது பிடிபட்டுவிடும். ஒரு வேலையைப் பெண்கள் செய்கிறார்கள் என்பதாலேயே அதன் மதிப்பு குறைந்து எழுதப்படுவது எளிதில் பிடிபடாது. முதியவரைத் தூக்கிக் குளிப்பாட்டுவது, ஐம்பது பிள்ளைகளுக்குச் சமைப்பது, மருத்துவமனைத் தரையைக் கிருமி இல்லாமல் துடைப்பது எல்லாம் பெண்ணுக்கு இயல்பாக வருவது, அதற்கு என்ன தனிக்கூலி என்கிற நினைப்பு ஐரோப்பாவிலும் ஆழ வேரோடியிருக்கிறது.

பர்மிங்ஹாம் மாநகராட்சி அதற்குப் பெரிய சாட்சி. அங்கே சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு வேலை பார்த்த பெண்களும், குப்பை வண்டி, தெரு வேலை பார்த்த ஆண்களும் ஒரே தரத்தில் இருந்தார்கள். போனஸ் மட்டும் ஆண்களுக்கு. பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2012-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வேலையிலிருந்து விலகிய 174 பேரும்கூட வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு மாநகராட்சி கொடுத்த பாக்கி சுமார் 110 கோடி பவுண்டு. 2023 செப்டம்பரில், இன்னும் 65 முதல் 76 கோடி வரை பாக்கி இருக்கலாம், கையில் பணம் இல்லை என்று அறிவித்தது. கணினி மென்பொருள் மாற்றத்தில் நடந்த குளறுபடிச் செலவும் அந்த நெருக்கடியில் சேர்ந்திருந்தது.

சம ஊதிய வழக்குகளால் நகரம் திவால் என்று அப்போது தலைப்புச் செய்திகள் வந்தன. தெஃப்ரென் வழக்கில் பிரிட்டன் சொன்ன அதே வாதம்தான், ‘தாங்காது’. அந்த நகரம் அத்தனை வருஷமும் தன் சமையல்காரம்மாக்களின் சம்பளத்திலிருந்து வட்டியில்லாக் கடன் வாங்கிச் செலவு செய்துகொண்டிருந்தது. கடனைத் திருப்பிக் கேட்டவர்கள்மேல் பழி போடுவதில் எந்த நியாயமும் இல்லை.

ஐஸ்லாந்தின் அந்த வெள்ளிக்கிழமை

1975 அக்டோபர் 24. ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அன்று வேலை செய்யவில்லை. அலுவலகத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை. சமையல் இல்லை, பிள்ளை பார்ப்பது இல்லை. மீன் பதனிடும் ஆலைகள், பள்ளிக்கூடங்கள், கடைகள் பல மூடிக் கிடந்தன. அப்பாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். வானொலியில் செய்தி வாசிக்கும்போது பின்னால் குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்டது. சட்டென்று சமைக்கக்கூடிய சாசேஜ் கடைகளில் தீர்ந்துபோனது. ரெய்க்யவிக் சதுக்கத்தில் கூடிய கூட்டம் சுமார் 25,000. அன்றைக்கு அந்த நாட்டின் மக்கள்தொகையே இரண்டே கால் லட்சத்துக்குக் கீழே.

ஐஸ்லாந்திலும் சம ஊதியச் சட்டம் 1961-லேயே போட்டாயிற்று என்பதை மறக்கக் கூடாது. 1975 வேலைநிறுத்தத்துக்கு மறுவருஷம் சமத்துவச் சட்டம் வந்தது. 1980-இல் விக்டிஸ் ஃபின்பொகடோட்டிர் குடியரசுத் தலைவரானார். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவர் அவர்.

2018 ஜனவரி முதல் அங்கே ஒரு புது விதி. 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகச் சம்பளம் கொடுக்கிறோம் என்று நிரூபித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். தவறினால் நாளுக்கு 50,000 குரோனா வரை அபராதம். அதுவரை அநீதி நடக்கிறது என்று பெண் நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது நடக்கவில்லை என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் 2023 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்கள் முழுநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரதமராக இருந்த கத்ரின் யாகோப்ஸ்டோட்டிரும் அன்று வேலைக்குப் போகவில்லை. பராமரிப்பு, துப்புரவு வேலைகளின் கூலி இன்னும் குறைவு, பெண்கள் மீதான வன்முறை ஓயவில்லை என்பது அவர்களின் குறை.

பக்கத்து மேசைக்காரர் சம்பளம்

இதையெல்லாம் இத்தனை நாள் தாங்கிப் பிடித்த தூண் ஒன்று உண்டு. அடுத்தவர் சம்பளம் தெரியாது, கேட்பது நாகரிகமில்லை, சில ஒப்பந்தங்களில் வெளியே சொல்லக் கூடாது என்றே எழுதியிருக்கும். தெரியாத அநீதியை எதிர்த்து யாரும் வழக்குப் போட முடியாது.

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ஒரு உலோக நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு மாதம் 3,500 யூரோ. அதே வேலையில் ஏறக்குறைய அதே நேரத்தில் சேர்ந்த ஆணுக்குத் தொடக்க மாதங்களில் 4,500. அவருக்கும் முதலில் 3,500-தான் சொன்னோம், பேரம் பேசி வாங்கிக்கொண்டார் என்றது நிறுவனம். கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன. 2023 பிப்ரவரி 16 அன்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் மறுத்தது. ஒருவர் நன்றாகப் பேரம் பேசினார் என்பது இன்னொருவருக்குக் குறைத்துக் கொடுக்கக் காரணம் ஆகாது என்றது. பாக்கியாக சுமார் 14,500 யூரோவும் பாகுபாட்டுக்கு இழப்பீடாக 2,000 யூரோவும் கிடைத்தன. சாமர்த்தியமாகப் பேசத் தெரியாதது பெண்ணின் குற்றம் என்று காலகாலமாகச் சொல்லிவந்த வாய்களை அந்தத் தீர்ப்பு அடைத்தது.

அதே 2023 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் சம்பள வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்க வைத்த கெடு 2026 ஜூன் 7. நேர்காணலுக்கு முன்பே அந்த வேலையின் சம்பள வரம்பைச் சொல்லிவிட வேண்டும். முன்பு எவ்வளவு வாங்கினாய் என்று கேட்கக் கூடாது. ஒரு பெண் தன்னைப் போன்ற வேலை பார்க்கும் ஆண்களின் சராசரிச் சம்பளத்தை எழுதிக் கேட்டால் இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சம்பளத்தை வெளியே சொல்லாதே என்ற ஒப்பந்த விதி செல்லாது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் படிப்படியாக இடைவெளிக் கணக்கை வெளியிட வேண்டும். காரணம் சொல்ல முடியாத 5 சதவீத இடைவெளி தொடர்ந்தால் தொழிலாளர் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.

சட்டம் நல்ல சட்டம். 1957-இன் 119-ஆம் பிரிவும் நல்ல சட்டம்தான்.

பாரிஸிலும் ஜெர்மனியிலும் உணவகச் சமையலறை, மருத்துவமனைத் துப்புரவு, முதியோர் இல்லம் என்று நம் பெண்கள் ஏராளமாக வேலை பார்க்கிறார்கள். இந்தச் சட்டம் அவர்களுக்கும் உண்டு. குடியுரிமை அதில் ஒரு நிபந்தனை இல்லை. சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் ஒன்றியத்தில் இல்லாததால் அங்கே இந்த விதிகள் செல்லாது, ஆனால் அந்த நாடுகளிலும் தனித்தனிச் சம ஊதியச் சட்டங்கள் இருக்கின்றன. 1991 ஜூன் 14 அன்று ஐந்து லட்சம் சுவிஸ் பெண்கள் வேலையை நிறுத்தியதால் வந்த சட்டம் அங்கே இருக்கிறது. உங்கள் அக்காவோ மகளோ ஐரோப்பாவில் வேலை பார்த்தால் இதைப் படித்த கையோடு ஒரு போன் போடுங்கள். பக்கத்தில் நிற்கும் ஆணுக்கு மணிக்கு எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சங்கத்தில் சேரச் சொல்லுங்கள். தெஃப்ரெனின் வழக்கு காட்டியதுபோல், கேட்காதவர்களுக்குப் பழைய பாக்கி கிடைப்பதில்லை.